கையால் தைத்த நாட்குறிப்பேடு

வெற்றுத் தாள்களை மடித்து, மடிப்பில் நூலால் தைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் சிறு ஏடு. அன்றாட நிகழ்வுகளை எழுதவும், பயணச்சீட்டு, அழைப்பிதழ், புகைப்படம் போன்றவற்றை ஒட்டி வைக்கவும் பயன்படுவது. எதை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை. புதுச்சேரியில் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரவும் அரசியலும் ஊர்ப்பேச்சும் கலந்தே கிடக்கின்றன.

ஏ4 தாள்கள் எட்டை அடுக்கிப் பாதியாக மடித்தால் ஏ5 அளவில் 32 பக்கங்கள் கிடைக்கும். பழைய காலண்டர் தாள் மேலுறைக்குப் போதும். மடிப்பின்மீது மூன்று துளைகள் இடவேண்டும். ஊசி நடுத்துளையின் உட்புறமிருந்து வெளியே வந்து, மேல்துளை வழியே உள்ளே நுழைந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேறி, மறுபடி நடுத்துளை வழியே உள்ளே திரும்பும். உள்ளே ஓடும் நீள இழை இடையில் அகப்படும்படி நூலின் இரு முனைகளையும் முடிச்சிட்டால் தையல் தளராது. நிறைய ஒட்டப்போகிறவர்கள் சில தாள்களை மடிப்போரம் ஒரு விரல் அகலம் விட்டு வெட்டிவிடுவது நல்லது. இல்லையேல் ஏடு வாய்பிளந்து நிற்கும்.

செய்தித்தாள் வகைக் காகிதம் அதிலுள்ள லிக்னின் என்னும் மரப்பொருளால் பழுப்பேறும். செல்லோடேப் நாளடைவில் கறையாகும். மைதாப் பசை மலிவு, ஆனால் பூச்சியை இழுக்கும். அதைத் தடுக்கப் பைண்டிங் செய்வோர் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. கருவியில் வரும் பேருந்துச் சீட்டு வெப்பத்தாளில் அச்சாவதால் எழுத்து மங்கிவிடும். அதை நகலெடுத்து ஒட்டுவதே சரி.