பன்னிரண்டு படத்தில் ஒரு கல்யாணம்

போபோடித் தமிழர் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்டால், வீட்டுப் பீரோவில் இருக்கும் கல்யாண ஆல்பத்தைத்தான் நான் காட்டுவேன்.

பக்கத்துக் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை 1869-இல் தொடங்கியது. அங்கும் கண்டோன்மென்டிலும் கிடைத்த வேலையை நம்பி வந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக் கல்யாணங்களை எழுதி வைத்தவர் யாருமில்லை. படம் பிடித்தவர் உண்டு.

அந்தக் காலத்து 120 பிலிம் ரோலில் சதுரப் படம் 12 தான் விழும். ரோல் மாத்தறதுக்குள்ள தாலி கட்டி முடிஞ்சிடும்! ஆகவே போட்டோக்காரர் எண்ணி எண்ணித்தான் அமுக்குவார்: மாங்கல்யதாரணம், அம்மி மிதித்தல், மணமக்கள் ஜோடி, கடைசியாகக் குடும்பத்தார் எல்லாரும். முன்வரிசை நாற்காலியில் யார் என்பதிலேயே அந்த வீட்டு மரியாதை தெரிந்துவிடும். 1967-இல் நம் ஊட்டித் தொழிற்சாலையிலேயே பிலிம் உற்பத்தி தொடங்கியது என்பது நமக்கொரு பெருமை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்குவது வெள்ளி. ஒழுங்காக அலசியிருந்தால் பல தலைமுறை நிற்கும். பின்னால் வந்த கலர்ப் படத்தில் இருப்பது சாயம்; அது வெளுக்கும். தாத்தா கல்யாணம் பளிச்சென்று இருக்க, அப்பா கல்யாணம் சிவந்து போயிருப்பது இதனால்தான்.

ஆனால் முகம் நின்றும் பெயர் போய்விட்டால் என்ன பயன்? பெரியவங்க இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் பெயர், ஊர், உறவுமுறை, வருடம் எழுதி வையுங்கள். நம் பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் சரித்திரம்.