பள்ளியின் கணக்கேடு: ஈழத்துச் சைவக் கல்வி வரலாறு காட்டும் பாடம்

கல்விக்கூடமொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதனைத் தாபித்தோரின் பெயர்களையும், அதிபர்களின் வரிசையையும், மாணாக்கர் பெற்ற வெற்றிகளையும் எடுத்தோதுதல் வழக்கம். அதன் கணக்கேட்டைப் புரட்டுவோர் மிகச் சிலரே. ஆயினும், பள்ளிகள் பல நிலைத்தமைக்கும் மறைந்தமைக்கும் காரணம் அவ்வேட்டிலேயே காணப்படும்.

ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அரசாங்க உதவி அதற்கு அப்பொழுது இருக்கவில்லை. இல்லந்தோறும் சேர்த்த பிடியரிசியும், அன்பர் ஈந்த பொருளும், ஆசிரியர்களது தன்னல மறுப்பும் அதனைத் தாங்கின. 1870 இல் அரசாங்க நன்கொடை கிடைக்கும்வரை, இருபத்திரண்டு ஆண்டுகள் அப்பள்ளி சமூகத்தின் கைகளிலேயே நின்றது. ஆனால், 1872 இல் அப்பெரியாரே தொடங்கிய சைவ ஆங்கில வித்தியாசாலை பொருள் முட்டுப்பாட்டினாற் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. தாபகர் ஒருவரே, நோக்கமும் ஒன்றே, முடிவுகள் மட்டும் வேறாயின. தாபகரின் பெருமை மட்டும் ஒரு பள்ளியைக் காவாது என்பது இதனாற் பெறப்படும்.

1869 இல் பொதுப்போதனைத் திணைக்களம் அமைந்தபின், தனியார் பள்ளிகளுக்கு உதவி நன்கொடை வழங்கும் முறை விரிவடைந்தது. மாணாக்கரின் பரீட்சைப் பேற்றை அளவாகக் கொண்டே அந்நன்கொடை கணிக்கப்பட்டது. ஆகவே, ஓராண்டின் தேர்ச்சி குன்றின் அடுத்த ஆண்டின் வருவாயும் குன்றும். நன்கொடை பள்ளிக்கு வலிமை தந்தது; அதனுடன் நிபந்தனைகளும் வந்தன.

தாய்மொழிப் பள்ளிகள் இலவசமாகக் கற்பிக்க, ஆங்கிலப் பள்ளிகள் கட்டணம் அறவிட்டன. 1888 இல் தோன்றிய சைவபரிபாலன சபை 1890 இல் பொறுப்பேற்று வளர்த்த பள்ளியே பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாயிற்று. 1923 இல் அமைந்த சைவ வித்தியா விருத்திச் சங்கம், 'இந்துபோர்ட்' இராசரத்தினம் அவர்களின் உழைப்பாற் பல ஊர்களிற் பாடசாலைகளை நடத்தியது. எனினும், ஆங்கிலக் கல்வியும் அதன்வழி வந்த உத்தியோகமும் பெரும்பாலும் கட்டணஞ் செலுத்த வல்லார்க்கே கிட்டின. இக்குறையை நீக்கவே சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் முன்னின்ற இலவசக் கல்வித் திட்டம் 1945 ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது.

உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளைப் பற்றிய 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும், அடுத்த ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் மற்றொரு திருப்பத்தை விளைத்தன. பெரும்பாலான பள்ளிகள் அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. தனித்து நிற்க விரும்பிய சில பள்ளிகளோ நன்கொடையை இழந்தன. கட்டணம் அறவிடவும் அவற்றுக்குக் கடுந்தடைகள் இருந்தன. பழைய மாணவரின் உதவியையும் நிதிவிழாக்களையும் நம்பியே அவை ஆசிரியருக்கு வேதனம் வழங்க நேர்ந்தது.

இவ்வரலாறு தரும் பாடம் யாது? பிடியரிசியாயினும், நன்கொடையாயினும், கட்டணமாயினும், ஒரே வாய்க்காலை நம்பிய பள்ளி அவ்வாய்க்கால் வற்றியபோது தவித்தது. அன்றியும், செலவு பெருகுந்தோறும் பெற்றோரின் மடியை நாடுதல் எளிது. அதன் பயனாக முதலில் வெளியேறுவோன் வறிய மாணாக்கனே.

பரந்தன் – முல்லைத்தீவுப் பாதையிலுள்ள தர்மபுரம் போன்ற குடியேற்றங்களில் இவ்வுண்மை தெளிவாக விளங்கும். 2009 இன் போரில் இடம்பெயர்ந்து மீண்ட உழவரும் கூலியாளரும் வாழும் நிலம் அது. உழவனுக்குக் காசு மாதந்தோறும் வருவதன்று. காலபோக அறுவடை முடிந்தபின் வருவது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை அண்மியபோது, அப்பியாசக் கொப்பி வாங்குதலே பல வீடுகளிற் சுமையாயிற்று. வசதிக் கட்டணம், முன்பள்ளிக் கட்டணம், தனியார் வகுப்புக் கட்டணம் என ஒவ்வொன்றும் தனித்தனியே சிறிதாகலாம். ஒரு குடும்பத்தின்மேல் ஒருங்கே விழுங்கால் அவை சிறிதல்ல.

ஆதலின், பள்ளி நடத்துவோர்க்குச் சில கடமைகள் உள. ஆண்டுதோறும் வரும் செலவை ஆண்டுதோறும் வரும் வருவாயாலேயே ஈடுசெய்தல் வேண்டும். கடல் கடந்து வாழும் பழைய மாணவர் ஒருமுறை அனுப்பும் பொருளை நம்பி நிலையான செலவை ஏற்றலாகாது. அப்பொருள் கட்டடத்துக்கும் சேமநிதிக்கும் உரியது. கட்டணம் உயர்த்துமுன் வீண்செலவைக் குறைத்தல் வேண்டும். உயர்த்தவே நேரின், காரணத்தைப் பெற்றோர் முன் வைத்து, இயலாதோர்க்கு அறுவடைவரை தவணையும் விலக்கும் அளித்தல் வேண்டும். கணக்காய்வு செய்த வரவுசெலவு அறிக்கை, பரிசளிப்பு விழா அறிக்கையைப் போன்றே யாவரும் காண வெளிவரல் வேண்டும்.

அன்று பிடியரிசி இட்ட மனையாளுக்குத் தன் அரிசி எப்பள்ளிக்குச் செல்கின்றது என்பது தெரிந்திருந்தது. இன்று கட்டணஞ் செலுத்தும் தாய்க்கும் அவ்வறிவு உரியதே. பொருளைக் காத்தல் கல்விக்குப் புறம்பான தொழிலன்று. கடைசி வாங்கிலிருக்கும் வறிய பிள்ளையைப் பள்ளியில் நிலைக்கச் செய்யும் அறமே அது.