ஆறு பென்சுக்கு ஓர் அறிவுலகம்

அறிவு ஒரு வகுப்பாரின் தனியுடைமை அன்று என்று மேடைதோறும் பேசுகிறோம். பேசுவது எளிது. அறிவு நிறைந்த நூல் கடைப் பலகையில் வீற்றிருக்க, அதை வாங்க வகையற்ற உழைப்பாளி வீதியில் நிற்பானாயின், அப்பேச்சினால் விளையும் பயன் யாது? "தொழிலாளிக்குக் கதைப் புத்தகமே போதும், சரித்திரமும் சாஸ்திரமும் அவன் மூளைக்கு எட்டா" என்று சொல்லுவோர் எல்லா நாட்டிலும் இருந்திருக்கின்றனர். அக்கூற்று மெய்யா, பொய்யா என்பதை வாதத்தால் அன்றி அநுபவத்தால் சோதித்துப் பார்த்த நாடு ஒன்று உண்டு. அது இங்கிலாந்து. சோதனை தொடங்கிய ஆண்டு 1935. அதன் வரலாற்றை இங்கு ஆராய்வோம்.

அடைத்திருந்த கதவு

இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டில் கல்விச் சட்டம் பிறந்தது. 1880-இல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் கட்டாயமாயிற்று. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைப்பவனுடைய பிள்ளையும் வாசிக்கக் கற்றான். ஆயினும், கற்றவனுக்கு வாசிக்க என்ன கிடைத்தது? 1930-களில் புதிதாக வெளிவந்த நாவல் ஒன்றின் விலை 7 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்ற கணக்கில் அது 90 பென்ஸ் ஆகும். வாரக் கூலியில் வாடகையும் ரொட்டியும் நிலக்கரியும் வாங்க வேண்டியவன் இவ்விலைக்கு நூல் வாங்குவது எங்ஙனம்?

மலிவுப் பதிப்பே அதுவரை இருந்ததில்லை என்று நாம் கூறவில்லை. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து ரெக்லாம் பதிப்பகத்தார் 1867-ஆம் ஆண்டிலேயே பேரிலக்கியங்களைச் சிறு நூல்களாக வெளியிடத் தொடங்கினர். வீட்டுக்குச் சாயம் பூசும் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்ற ஜோசப் டென்ட் என்பார் 1906-இல் 'எவ்ரிமேன்' என்னும் நூல்வரிசையை ஒரு ஷில்லிங் விலையில் தொடங்கினார். இவை போற்றத்தக்க தொண்டுகள். ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை மறைந்த ஆசிரியர்களின் நூல்கள். அன்று வாழ்ந்த அறிஞர் அன்று கண்டறிந்த உண்மை ஏழையின் கைக்கு எட்டவில்லை. நகரசபைகளின் இலவச நூல்நிலையங்கள் இருந்தன. ஆயினும் இரவல் நூல் இரவல் நூலே. இவையன்றிப் புகையிலைக் கடைகளில் இரண்டு பென்ஸ் வாடகைக்கு நாவல் கொடுத்தனர். அங்கே காதற்கதையும் துப்பறியும் கதையுமே மிகுதி. தொழிலாளி கதை ஒன்றையே விரும்புகிறான் என்றவர்கள், அவன் முன் வேறு எதை வைத்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தார்களில்லை!

பறவைச் சின்னம்

அல்லன் லேன் என்பார் 1902-இல் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். சர்வகலாசாலையின் வாசற்படி மிதித்தவரல்லர். பதினாறு வயதில் பள்ளியை விட்டு, உறவினர் நடத்திய 'பாட்லி ஹெட்' என்னும் பதிப்பகத்தில் வேலைக்கு அமர்ந்தார். 1934-ஆம் ஆண்டில், கதாசிரியை அகதா கிறிஸ்டியைக் கண்டு திரும்புங்கால், எக்ஸிட்டர் ரயில் நிலையத்துக் கடையில் வாங்கத்தக்க நூல் ஒன்றும் அகப்படாமையால் அவர் உள்ளத்தில் இவ்வெண்ணம் உதித்தது என்று சொல்லுவர். நல்ல நூல், நல்ல அச்சு, காகித அட்டை, பத்து சிகரெட் கொண்ட பெட்டியின் விலை. அந்த விலை ஆறு பென்ஸ்.

புத்தக வியாபாரிகள் நகைத்தனர். ஆறு பென்சில் ஆசிரியருக்கு என்ன, அச்சகத்துக்கு என்ன, கடைக்காரனுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டனர். ஒவ்வொரு நூலிலும் சுமார் 17,000 பிரதிகளாவது விற்றாலன்றி முதலே திரும்பாது என்பது கணக்கு. இந்நிலையில் லேன் புத்தகக் கடைகளை மட்டும் நம்பாது, 'வுல்வொர்த்' என்னும் பலசரக்குக் கடையாரை நாடினார். ஆறு பென்சுக்கு மேற்பட்ட பண்டம் எதுவும் விற்பதில்லை என்பதே அக்கடைகளின் கொள்கையாயிருந்தது. ஏழைப் பெண்கள் ஊசியும் நூலும் கோப்பையும் வாங்கச் செல்லும் கடை அது. அவர்கள் ஒரே தடவையில் 63,500 பிரதிகள் கேட்டனர். லேனின் முயற்சி பிழைத்தது.

1935-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் முதற் பத்து நூல்கள் வெளிவந்தன. 'பெங்குவின்' என்னும் பெயரைச் சொன்னவர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஜோன் கோல்ஸ் என்னும் பெண்மணி. எட்வர்ட் யங் என்னும் இளைஞர் லண்டன் மிருகக்காட்சி சாலைக்குச் சென்று அப்பறவையைப் பார்த்து வரைந்து வந்தார். கதைக்கு ஆரஞ்சு நிறம், துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்குக் கருநீலம் என அட்டை நிறத்தாலேயே வகை புலப்பட்டது. பண்டசாலைக்குக் கூலி கொடுக்க வழியின்றி, ஒரு மாதா கோயிலின் நிலவறையில் புத்தகக் கட்டுகளை அடுக்கினர். திருவிழாவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் பலகையொன்றை வாங்கி, தெருவிலிருந்து அதன் வழியே கட்டுகளை உள்ளே இறக்கினர். முதலாண்டிலேயே முப்பது லக்ஷம் பிரதிகள் விற்றன.

இவ்வளவு மலிவு ஆகாது என்றவர்களுள் பேரறிஞரும் இருந்தனர். ஜார்ஜ் ஆர்வெல், வாசகன் என்ற முறையில் இந்நூல்களை வரவேற்றபோதிலும், எழுத்தாளன் என்ற முறையில் அஞ்சினார். நூலுக்கென்று ஐந்து ஷில்லிங் வைத்திருப்பவன் விலை குறைந்ததும் பத்து நூல் வாங்கமாட்டான், மூன்று வாங்கி மிச்சத்தைச் சினிமாவில் செலவிடுவான் என்பது அவர் வாதம். முன்பே நூல் வாங்கி வந்தவனுக்கு இவ்வாதம் பொருந்தலாம். ஆனால் அதுவரை ஒரு நூலேனும் வாங்கியிராதவன் கடைக்குள் நுழைவான் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

சென்னையில் கற்றவர்

முதற் பத்தில் பெரும்பாலானவை கதைகளே. ஹெமிங்வேயின் போர்க்காலக் காதற்கதை ஒன்று. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதை ஒன்று. இவ்வளவோடு நின்றிருந்தால், ஏழைக்குக் கதையே போதும் என்றவர் வாக்கு வென்றிருக்கும். 1937-ஆம் ஆண்டு மே மாதத்தில் லேன் அடுத்த அடியை வைத்தார். சரித்திரம், விஞ்ஞானம், பொருளாதாரம், கலை ஆகியவற்றை அதே ஆறு பென்சுக்குக் கொடுக்கும் 'பெலிக்கன்' வரிசை பிறந்தது. அதன் நிறம் இளநீலம். முதல் நூல் பெர்னாட்ஷா பெண்மக்களை நோக்கி எழுதிய சமதர்ம விளக்கம். இப்பதிப்புக்கென அவர் புதிய அதிகாரங்களையும் எழுதிச் சேர்த்தார்.

இவ்வரிசையின் பொதுப் பதிப்பாசிரியர் யார்? கோழிக்கோட்டில் 1896-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கற்று, 1924-இல் லண்டன் சென்ற வி.கே. கிருஷ்ண மேனன். இந்திய விடுதலைக்காக அந்நகரில் இரவு பகலாக உழைத்த இவர், 1934 முதல் செயின்ட் பாங்க்ரஸ் நகரசபை அங்கத்தினராகவும் இருந்து, தொழிலாளர் வாழும் அப்பகுதியின் நூல்நிலையங்களுக்குத் தொண்டாற்றினார். எச்.எல். பீல்ஸ், டபிள்யூ.இ. வில்லியம்ஸ் முதலிய கல்வியாளர் அவருக்குத் துணை நின்றனர். லேனுக்கும் மேனனுக்கும் ஒத்துவராது போகவே, 1938-இல் மேனன் விலகினார். எனினும் அவர் நட்ட செடி மரமாயிற்று. ஆளப்படும் நாட்டிலிருந்து சென்ற ஒருவர், ஆளும் நாட்டுத் தொழிலாளிக்கு நூல் தேர்ந்து கொடுத்தார் என்பது சரித்திரத்தின் விந்தைகளுள் ஒன்று.

கதைக்கு அப்பால்

அந்நூல்கள் எத்தகையன? சிலவற்றைக் காண்போம்.

ஐலீன் பவர் என்னும் பெண் சரித்திர ஆசிரியை இயற்றிய 'இடைக்கால மக்கள்' 1937-இல் பெலிக்கனாயிற்று. அதில் மன்னரின் போர்கள் இல்லை. பாரிஸ் நகரை அடுத்த ஒரு மடத்தின் நிலத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் உழைத்த போடோ என்னும் குடியானவன், அவன் மனைவி எர்மென்ட்ரூட், அவர்களுடைய மூன்று பிள்ளைகள் ஆகியோர் முதல் அதிகாரத்தின் நாயகர்கள். அவர்கள் பெயர் எங்கிருந்து கிடைத்தது? எவன் எத்தனை நாள் உழ வேண்டும், எவள் என்ன கொடுக்க வேண்டும் என்று மடத்தின் தலைவர் எழுதுவித்த தோட்டக் கணக்கேட்டிலிருந்து! பிழிந்து வாங்குவதற்கென எழுதப்பட்ட ஏட்டைக் கொண்டே, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஓர் அறிஞர் அவ்வேழைகளுக்கு வாழ்வு கொடுத்தார். பேர்ப்பதிவும் நாட்கூலிக் கணக்கும் அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எச்.ஜி. வெல்ஸின் உலகச் சரித்திரச் சுருக்கமும், ஊர் என்னும் பண்டைச் சுமேரிய நகரை அகழ்ந்த லியோனார்ட் ஊல்லி வானொலியில் ஆற்றிய உரைகளினின்று பிறந்த அகழ்வாராய்ச்சி நூலும் அதே ஆண்டில் அதே விலைக்கு வந்தன.

விஞ்ஞானத்தில், விண்மீன்களையும் அணுவையும் பற்றிய புதுக் கொள்கைகளை ஜேம்ஸ் ஜீன்ஸ் பொதுமக்களுக்கு விளக்கினார். ஜூலியன் ஹக்ஸ்லி உயிர்நூலைக் கட்டுரைகளாக எழுதினார். கணிதக் குறிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த உண்மை நாட்டுநடையில் வெளியே வந்தது.

கட்டடக் கலையின் வரலாறு இன்னும் வியப்புடையது. நிக்கலாஸ் பெவ்ஸ்னர் லைப்சிக் நகரில் பிறந்த யூத குலத்தவர். நாஜிகள் 1933-இல் குலத்தைக் காரணங்காட்டி அவரை ஆசிரியப் பதவியினின்று நீக்கவே, இங்கிலாந்தை அடைந்தார். போர் மூண்டதும் அந்நாட்டாரும் அவரை 1940-இல் அந்நியர் என்று காவலில் வைத்தனர். விடுதலையான பின்பு குண்டு வீழ்ந்த தெருக்களில் இடிபாடு வாரும் வேலையும் பார்த்தார். கட்டடங்கள் நாள்தோறும் இடிந்துகொண்டிருந்த அந்நகரில், ஐரோப்பியக் கட்டடக் கலையின் வரலாற்றை அவர் பெலிக்கன் வரிசைக்கு எழுதி முடித்தார். பின்னர் லேனின் ஆதரவோடு இங்கிலாந்தின் ஒவ்வொரு மாவட்டத்துக் கட்டடங்களையும் நேரிற்சென்று ஆராய்ந்தார். 1951 முதல் 1974 வரை 46 நூல்கள் வந்தன. அவற்றுள் 32 அவர் தாமே எழுதியவை. தான் நாள்தோறும் கடந்து செல்லும் பழைய கோயிலுக்கும் பாலத்துக்கும் ஒரு வரலாறு உண்டென்று சாதாரண மனிதன் அறிந்தது அகதி ஒருவரால்!

கதைக்கு வந்த வழக்கு

மலிவு நூலைக் கண்டு அஞ்சியவர் மனம் முழுவதும் வெளிப்பட்டது 1960-ஆம் ஆண்டில். நிலக்கரித் தொழிலாளியின் மகனான டி.எச். லாரன்ஸ் எழுதி, இங்கிலாந்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் முழு வடிவில் வெளிவராதிருந்த காதல் நாவல் ஒன்றை, லேன் 3 ஷில்லிங் 6 பென்ஸ் விலையில் அச்சிட்டார். ஆபாசமென்று அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. அரசாங்க வக்கீல் ஜூரிகளை நோக்கி, இந்நூலை உம் மனைவியோ வேலைக்காரரோ படிக்க ஒப்புவீரா என்று கேட்டார். அவ்வினாவில் அடங்கிய ஆணவத்தை நோக்குக! எசமானன் படிக்கலாம், மனைவியும் ஊழியரும் அவன் உத்தரவு பெற்றுப் படிக்கவேண்டுமாம்! ஜூரிகள் பன்னிருவருள் மூவர் பெண்கள் என்பதையும் அவர் மறந்தார். நவம்பர் 2-ஆம் நாள் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. விற்பனை தொடங்கிய முதல் நாளில் 2,00,000 பிரதிகளும் தீர்ந்தன.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாறு கூறும் உண்மை ஒன்றே. உழைப்பாளியின் அறிவுக்கு எல்லை வகுத்தது அவன் மூளையன்று. நூலின் விலையும், அது வைக்கப்பட்டிருந்த இடமும் ஆகும். விலை இறங்கி, இடமும் மாறியபோது, காதற்கதை வாங்க வந்தவன் பக்கத்துப் பலகையில் இருந்த சரித்திரத்தையும் கையிலெடுத்தான். சரித்திரத்தை எடுத்தவன் கட்டடத்தையும் விண்மீனையும் நாடினான்.

ஆகவே, கதை படிப்போரை இகழும் வழக்கத்தை விட்டொழிப்போமாக. கதை, அறிவு மாளிகையின் வாயிற்படி. வாயிற்படியில் நிற்பவனை விரட்டுவோன் மாளிகைக்கு ஆள் சேர்க்கமாட்டான். அதேபோல், வாயிற்படியே மாளிகை என்று அங்கேயே அவனை நிறுத்திவைப்பவனும் அவனுக்கு நண்பனல்லன். சங்கத்திலோ படிப்பகத்திலோ நூல் தேரும் பொறுப்பு நம் கைக்கு வருமாயின், கதைகளை ஒரு மூலையிலும் சரித்திர விஞ்ஞானங்களைப் பூட்டிய அலமாரியிலும் வைக்காது, கைக்கெட்டும் உயரத்தில் அருகருகே வைப்போம். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் தாமே எடுத்துப் பார்க்கட்டும். எதை எடுக்கவேண்டும் என்று நாம் கட்டளையிட வேண்டுவதில்லை. எடுக்கத்தக்கதை எட்டும்படி வைப்பதே நம் கடன்.