மேலே தொழிலின் பெயர், கீழே எழுத்து: இந்திய அரசுப் பணி வகைப்பாட்டின் வரலாறு

மத்திய அரசின் குடிமைப் பணிகள் இன்று ஏ, பி, சி என்ற மூன்று குரூப்புகளுக்குள் அடங்குகின்றன. எதை வைத்து இந்தப் பிரிவினை என்று தேடினால், 2017 நவம்பர் 9 அன்று பணியாளர் துறை வெளியிட்ட ஆணையில் விடை கிடைக்கும். ஊதிய அட்டவணையில் 10ஆம் நிலையும் அதற்கு மேலும் குரூப் ஏ. 6 முதல் 9 வரை குரூப் பி. 1 முதல் 5 வரை குரூப் சி. ஊழியர் என்ன வேலை செய்கிறார் என்பது இந்தக் கணக்கில் வரவில்லை.

வேலையை வைத்துப் பிரிக்கும் முறை அரசிடம் இல்லாமல் இல்லை. இந்திய வனப் பணி, இந்திய வருவாய்ப் பணி, இந்தியப் பொருளியல் பணி என்று ‘பணி’ என முடியும் பெயர்கள் எல்லாம் தொழில்வழிப் பிரிவுகளே. ஆனால் அவை ஏணியின் உச்சியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. கீழே இறங்க இறங்கத் தொழிலின் பெயர் மங்கி, எண்ணோ எழுத்தோ அந்த இடத்தைப் பிடிக்கிறது. இது ஒரே நாளில் நடந்த மாற்றம் அன்று. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஆணை ஆணையாக உருவானது. அது உருவான வழியை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

தொடக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கறைகளில் இருக்கிறது. கம்பெனி ஊழியர்கள் ரைட்டர், ஃபாக்டர், இளநிலை வணிகர், முதுநிலை வணிகர் என்று வரிசைப்படுத்தப்பட்டார்கள். 1744இல் சென்னைக் கோட்டைக்கு வந்திறங்கிய ராபர்ட் கிளைவ் இந்த வரிசையின் முதல் படியான ரைட்டராகத்தான் சேர்ந்தார். கம்பெனி வணிகத்திலிருந்து ஆட்சிக்கு மாறியபோது, இயக்குநர்களோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் ஒருபுறம், கையெழுத்திடாதவர் மறுபுறம் என்ற பிளவு முக்கியமாயிற்று. 1793ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் தலைமைப் பதவிகளை உடன்படிக்கை ஊழியருக்கே ஒதுக்கியது. மாவட்ட நிர்வாகத்தை அன்றாடம் தாங்கிய இந்திய அலுவலர்கள் உடன்படிக்கையற்றோர் என்ற ஒரே சொல்லுக்குள் திணிக்கப்பட்டார்கள். நீதி, வருவாய், கணக்கு என்று அவர்கள் செய்த வேலைகள் எத்தனையோ வகைப்பட்டவை. வகைப்பாடு அவற்றுள் ஒன்றையும் கண்டுகொள்ளவில்லை. 1855இல் லண்டனில் போட்டித் தேர்வு வந்தது, 1861இல் இந்தியக் குடிமைப் பணிச் சட்டம் வந்தது. இந்தக் கோடு மட்டும் அப்படியே நின்றது.

அதை முதலில் அசைத்தது 1886இல் சர் சார்லஸ் ஐச்சிசன் தலைமையில் அமைந்த ஆணையம். உடன்படிக்கை என்ற சொல்லையே கைவிட்டுப் பேரரசுப் பணி, மாகாணப் பணி, சார்நிலைப் பணி என்ற மூவகையை அது பரிந்துரைத்தது. இந்தியருக்கு மாகாணப் பணியில் இடம் விரிந்தது உண்மை. ஆயினும் முன்பு ஒப்பந்தம் போட்ட எல்லையை இப்போது ஆட்சிப் படிநிலை போட்டது, அவ்வளவே. 1912இல் அமைந்த இஸ்லிங்டன் ஆணையம் ஒவ்வொரு துறையின் பணியையும் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தது. தொழில்வழி வகைப்பாட்டுக்கு அடிப்படை போடக்கூடிய முயற்சி அது. அந்த ஆய்விலிருந்து நிலைத்து நின்றதோ, உயர்பணிகளை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரிக்கும் யோசனைதான். ரயிலில்போல அலுவலகத்திலும் வகுப்பு நுழைந்தது. 1930ஆம் ஆண்டின் வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீட்டு விதிகள் அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தன. அந்த விதிகளின் தலைப்பே கவனிக்கத்தக்கது: வகைப்படுத்துவதும் கட்டுப்படுத்துவதும் ஒரே மூச்சில் வருகின்றன. யார் யாரை நியமிக்கலாம், யார் யாரைத் தண்டிக்கலாம், மேல்முறையீடு யாரிடம் போகும் என்பதைத் தீர்மானிக்கவே பிரிவுகள் தேவைப்பட்டன. படிநிலை அங்கே தொழிலை முந்தியதற்குக் காரணம் இதுவே என்பது என் முடிவு.

இந்த ஏணியின் அடியில் அப்போது இருந்த பெயர் ‘தாழ்ந்த பணி’. பியூன், தஃபேதார், காவல்காரர், துப்புரவாளர் எல்லாரும் ஆவணங்களில் அப்படியே குறிக்கப்பட்டார்கள். அந்தச் சொல்லை அகற்றும்படி பரிந்துரைத்தது 1946இல் நியமிக்கப்பட்ட முதல் மத்திய ஊதியக் குழு. சென்னை வழக்கறிஞராகத் தொடங்கிக் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்த சீனிவாச வரதாச்சாரியார் அதன் தலைவர். சார்நிலைப் பணி மூன்றாம் வகுப்பாகவும், தாழ்ந்த பணி நான்காம் வகுப்பாகவும் பெயர் மாறின. 30 ரூபாய் அடிப்படை ஊதியத்தோடு 25 ரூபாய் அகவிலைப்படி சேர்த்துக் கடைநிலை ஊழியருக்கு 55 ரூபாய் வகுத்ததும் அக்குழுதான். விடுதலைக்கு முந்தைய மாதங்களில் ஓர் அரசு ஆவணம் தன் ஊழியரைத் தாழ்ந்தவர் என்று அழைப்பதை நிறுத்தியது சிறிய செய்தி அன்று. ஆனால் அந்தப் பெயர் இருந்த இடத்தில் ஓர் எண் வந்ததே தவிர, அவர்கள் செய்யும் தொழிலின் பெயர் வரவில்லை.

அடுத்த மாற்றம் மூன்றாம் ஊதியக் குழுவுக்குப் பின் வந்தது. 1975 நவம்பர் 11 அறிவிக்கை வகுப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டுக் குரூப் என்ற சொல்லைக் கொண்டுவந்தது. ஊதிய விகிதத்தின் உச்சம் 1,300 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ஏ. 900 முதல் 1,300க்குள் பி. 290க்கு மேல் 900க்குள் சி. 290 அல்லது அதற்குக் குறைவு என்றால் டி. வகுப்பு என்ற சொல்லில் ஒட்டியிருந்த ஏற்றத்தாழ்வு போகவேண்டும் என்ற விருப்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பழைய ‘சார்நிலை’ என்ற சொல்லையே பெயரில் தாங்கி, அதே மாதம் 4ஆம் தேதிதான் சார்நிலைப் பணிகள் ஆணையம் ஒன்றை அமைக்கும் தீர்மானமும் வந்தது. பணியாளர் தேர்வு ஆணையம் என்று அது பெயர் மாறியது 1977இல்.

ஐந்தாம் ஊதியக் குழுவின் தலைவர் நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன், தமிழர். ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளுக்குப் பதிலாக நிர்வாகப் பணியாளர், மேற்பார்வைப் பணியாளர், ஆதரவுப் பணியாளர், துணைப் பணியாளர் என்று பொறுப்பின் தன்மையைச் சொல்லும் பெயர்களை அக்குழு முன்வைத்தது. வேலையை நோக்கி எடுத்த முதல் அடி அது. அரசு ஏற்கவில்லை. 1998 ஏப்ரல் 20 ஆணை பழைய சட்டகத்திலேயே எண்களை மாற்றியது: 1975இல் 1,300 இருந்த இடத்தில் 13,500, 900 இருந்த இடத்தில் 9,000, 290 இருந்த இடத்தில் 4,000. இரண்டு ஆணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், இடைப்பட்ட ஏறக்குறைய கால் நூற்றாண்டில் கணினி வந்ததோ, தட்டச்சு தேய்ந்ததோ, துறைகளின் வேலைமுறை மாறியதோ எதுவும் தெரியாது. விலைவாசி உயர்ந்தது மட்டும் தெரியும்.

வேறு வழி இல்லாமல் இப்படி நடந்தது என்று சொல்வதற்கில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1923ஆம் ஆண்டின் வகைப்பாட்டுச் சட்டத்தில், பதவியின் கடமைகளையும் பொறுப்பையும் அலசி, அதன்பின் ஊதியத்தை வைக்கும் வழக்கத்தைத் தொடங்கிவிட்டது. நம் நாட்டிலேயே, வேலைவாய்ப்பு அலுவலகங்கள் பயன்படுத்தும் தேசியத் தொழில் வகைப்பாடு 1968, 2004, 2015 ஆண்டுகளில் திருத்தி வெளியிடப்பட்டிருக்கிறது. தையல்காரர், பற்றவைப்பவர், தோட்டக்காரர் என ஒவ்வொரு தொழிலுக்கும் குறியீடும் விளக்கமும் அதில் உண்டு. வேலை தேடி வருபவரைத் தொழிலால் வகைப்படுத்தும் அதே அரசு, வேலை கொடுத்த மறுநாள் அவரை ஊதியத்தால் வகைப்படுத்துகிறது.

எழுத்து வெறும் எழுத்தாகவும் நிற்பதில்லை. 1993 செப்டம்பர் 8 ஆணைப்படி, பெற்றோரில் ஒருவர் நேரடி நியமனத்தில் குரூப் ஏ அலுவலர் என்றாலும், இருவரும் நேரடி நியமனத்தில் குரூப் பி என்றாலும் பிள்ளைகள் பிற்படுத்தப்பட்டோருக்கான மத்திய ஒதுக்கீட்டில் வசதிபடைத்தோர் ஆகிவிடுவார்கள். 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் நீக்கப்பட்டதும் குரூப் சிக்கும் அரசிதழ்ப் பதிவு பெறாத குரூப் பிக்கும்தான். கணக்குக்காகப் போட்ட கோடு குடும்பங்களின் எதிர்காலத்துக்குள் போகிறது.

நீதிபதி பி. என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான ஆறாம் ஊதியக் குழு குரூப் டியையே ஒழிக்கச் சொன்னது. இருந்தவர்கள் குரூப் சிக்கு உயர்ந்தார்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. 2010 ஏப்ரல் 30 ஆணை பியூன், தஃப்தரி, ஜமாதார், ஃபராஷ், சௌகிதார், மாலி, சஃபாய்வாலா என்ற பதவிப் பெயர்களை எல்லாம் கலைத்துப் பல்பணி ஊழியர் என்ற ஒரே பெயராக்கியது. அந்தப் பதவிக்குரிய கடமைகளைப் பார்த்தால் அலுவலகத்தின் முழு நாளும் அதில் இருக்கிறது: கோப்புகளைப் பராமரிப்பது, கட்டடத்துக்குள் தாள்களை எடுத்துச் செல்வது, நகலெடுப்பது, தொலைநகல் அனுப்புவது, அறைகளைத் திறந்து மூடுவது, துப்புரவு, காவல், பூந்தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது, உரிமம் இருந்தால் வண்டி ஓட்டுவது.

இதில் நன்மை உண்டு. சாதியின் கறை படிந்த பெயர்கள் சில ஒழிந்தன. ஊதியமும் மேல்நோக்கி நகர்ந்தது. இழப்பும் உண்டு. உச்சியில் வரி, வனம், தணிக்கை ஒவ்வொன்றுக்கும் தனிப் பணியும் தனிப் பயிற்சிக் கழகமும் இருக்க, அடியில் தோட்டக்கலையும் ஆவணப் பராமரிப்பும் யாரும் செய்யக்கூடிய வேலை என்று தீர்மானிக்கப்பட்டுவிட்டது. துப்புரவு வேலை பெருமளவில் வெளி ஒப்பந்தத்துக்குப் போனது. அரசுக் கட்டடத்தைப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஏ, பி, சி என்ற மூன்றில் எதிலும் இடமில்லை.

தமிழ்நாட்டில் பழைய சொற்கள் இன்னும் உயிரோடு உள்ளன. மாநிலப் பணி, சார்நிலைப் பணி, அமைச்சுப் பணி, அடிப்படைப் பணி என்ற பிரிவுகளில் ஐச்சிசன் காலத்து அடுக்கும் தொழில்வழிப் பெயர்களும் கலந்து கிடக்கின்றன. 1929இல், மாகாணங்களுள் முதலாவதாக, சென்னையில் அமைந்த தேர்வாணையத்தின் வழிவந்த தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 1, குரூப் 2, குரூப் 4 என்பவை வேறு கணக்கு. அவை தேர்வின் தொகுதிகள். மத்திய அரசின் ஏ, பி, சியோடு அவற்றைப் பொருத்திப் பார்ப்பது தவறு. கிராம நிர்வாக அலுவலரும் இளநிலை உதவியாளரும் சுருக்கெழுத்துத் தட்டச்சரும் ஒரே குரூப் 4 தேர்வில் வருவது அவர்கள் வேலை ஒன்று என்பதால் அன்று, தேர்வு ஒன்று என்பதால். ரயில்வேயிலோ, ஆணையில் ஒழிந்த பெயர் மக்கள் வாயில் ஒழியவில்லை. நிலை 1 என்று அறிவிக்கை வந்தாலும் பயிற்சி மையப் பலகைகளில் அது இன்றும் ‘குரூப் டி’தான்.

2025 இறுதியில் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது ஊதியக் குழு அமைந்திருக்கிறது. எட்டாவது முறையாக எண்களை மட்டும் உயர்த்திவிட்டு அந்தக் குழுவும் கலைந்துவிடக் கூடாது. ரத்தினவேல் பாண்டியன் குழு விட்ட இடத்திலிருந்து அது தொடங்க வேண்டும்; கடைசிப் படியில் நிற்பவரின் தொழிலுக்கும் உச்சியில் இருப்பவருடையதைப் போல ஒரு பெயரும், ஒரு பயிற்சியும், ஒரு பதவி உயர்வுப் பாதையும் வகுத்துத் தர வேண்டும். ஊழியர் சங்கங்கள் தங்கள் கோரிக்கை மனுக்களில் ஊதியப் பெருக்கக் காரணியோடு இதையும் எழுதிச் சேர்க்கட்டும்.