தினமும் எரியும் விளக்கே புயலிலும் எரியும்

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. 1962 முதல் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுத்துவரும் நெய்வேலி கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் மின்சாரம் உற்பத்தியாவது வேறு, வீட்டில் வெளிச்சம் இருப்பது வேறு என்பதை அந்த நாட்கள் உணர்த்தின. பேரிடருக்கான அவசரகாலப் பைகளில் இப்போது ஒளிக்குச்சிகளும் இடம்பெறுகின்றன. வளைத்தால் ஒளிரும் இந்தப் பிளாஸ்டிக் குழாய்களை நம்பலாமா? இந்தக் கரையோரத்தில் விளக்கு எப்படி வாழ்ந்து வந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். ஒரு விளக்கு ஆபத்தில் கைகொடுக்குமா என்பதைத் தீர்மானிப்பது அதன் பிரகாசம் அல்ல. அதை அன்றாடம் பேணுகிற ஏற்பாடுதான்.

சிதம்பரத்தை உள்ளடக்கிய சோழநாட்டில் கோயிலுக்கு அணையாமல் எரியும் நந்தாவிளக்கு வைப்பது பெரும் கொடை. விளக்கை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு யாரும் ஒதுங்கவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்ற கணக்கைச் சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்பக் காணலாம். ஆடுகளை இடையர்கள் பெற்றுக்கொள்வார்கள். நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பது அவர்கள் பொறுப்பு. ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையைக் காக்க வேண்டும். அணையாத சுடருக்குப் பின்னால் ஆடும் மேய்ச்சலும் ஆளும் கணக்கும் இருந்தன. அவற்றில் ஒன்று தவறினாலும் விளக்கு அணைந்திருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் வந்ததும் இந்தப் பொறுப்பு வீட்டுக்கு மாறியது. அமெரிக்க எண்ணெயும் ரஷ்ய எண்ணெயும் பிறகு பர்மா எண்ணெயும் தகர டின்களில் சென்னை மாகாணத்துச் சந்தைகளுக்குப் பரவின. அதனோடு அரிக்கேன் விளக்கும் வந்தது. அடியில் எண்ணெய்த் தொட்டி, இருபுறமும் காற்று இறங்கும் குழாய்கள், நடுவில் கண்ணாடிச் சிமினி, கம்பியை அழுத்தினால் மேலே எழும் கூண்டு, திரியை ஏற்றியிறக்க ஒரு சிறு திருகு. பொழுது சாயும் முன் கரியேறிய சிமினியைத் துடைப்பதும், கருகிய திரி முனையை வெட்டுவதும், எண்ணெய் ஊற்றுவதும் அன்றாட வேலைகள். புயலடித்த இரவில் அதைத் தேடவேண்டிய தேவையே இல்லை. அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அதைவிடப் பல மடங்கு பிரகாசமான பெட்ரோமாக்ஸ் கல்யாணப் பந்தலையும் தெருக்கூத்துக் களத்தையும் பகலாக்கியது. ஆனால் அதில் ஒளிரும் வலையான மேண்டில் ஒருமுறை எரிந்தபின் வெறும் சாம்பல்தான். ஓர் அதிர்ச்சியில் உதிர்ந்துவிடும். காற்றடிக்கத் தொடங்கியதும் மாட்டைப் பிடித்துக் கட்ட ஓடியவர் கையில் எடுத்தது அரிக்கேனைத்தான்.

அன்றாடம் பேணும் ஏற்பாடு என்ற இந்த அளவுகோலை ஒளிக்குச்சிக்கும் வைத்துப் பார்க்கலாம். குழாய்க்குள் ஆக்ஸலேட் சேர்மமும் சாயமும் கலந்த திரவம் இருக்கிறது. அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு அடைத்த மெல்லிய கண்ணாடிக் குப்பி மிதக்கிறது. வளைக்கும்போது குப்பி நொறுங்கி இரண்டும் கலக்க, வேதிவினையின் ஆற்றல் சூடாகாமல் சாயத்தின் வழியே ஒளியாகிறது. 1960களில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் உருவான முறை இது. தீப்பொறி இல்லை, பேட்டரி இல்லை, தண்ணீரில் மூழ்கினாலும் ஒளிரும். ஆனால் தொடக்கத்துப் பிரகாசம் விரைவில் மங்கும்; பன்னிரண்டு மணி நேரம் என்று உறையில் போட்டிருந்தாலும் பின்பாதியில் மிஞ்சுவது மெல்லிய பச்சை ஒளிதான். வெப்பம் கூடினால் வினை வேகமெடுத்து ஆயுள் குறையும். நம் கடற்கரை வெக்கைக்கு இது முக்கியமான குறை. நெருக்கிப் பிடித்தால் எழுத்தைப் படிக்கலாம், ஓர் அறைக்கு வெளிச்சம் தராது. ஒருமுறை தொடங்கினால் நிறுத்தவும் முடியாது, திரும்ப நிரப்பவும் முடியாது. அதன் பின்னால் மந்தையும் இல்லை, திரியும் இல்லை. வாரக்கணக்கில் நீளும் இருட்டுக்கு அது விளக்காகாது.

மண்ணெண்ணெய் விளக்கின் புகையும் கூரை வீட்டில் அது மூட்டக்கூடிய தீயும் சாதாரணமா என்று கேட்கலாம். இல்லை, அந்த விளக்குக்குத் திரும்பச் சொல்வதும் என் நோக்கமல்ல. ரேஷன் மண்ணெண்ணெய் சுருங்கிவிட்ட நிலையில் அதைப் பேணும் ஏற்பாடும் போய்விட்டது. எல்.இ.டி. விளக்கு வந்தபின் இந்தப் பேச்சே எதற்கு என்பது அடுத்த கேள்வி. எல்.இ.டி. எல்லாவற்றிலும் சிறந்ததுதான். ஆனால் பரணில் கிடந்து சார்ஜ் வற்றிப்போன விளக்கு, மேண்டில் உதிர்ந்த பெட்ரோமாக்ஸுக்குச் சமம். ஒளிக்குச்சிக்கும் உரிய இடம் உண்டு. கடலூர் சிப்காட் போன்ற ரசாயனத் தொழிற்பேட்டையில் எரிவாயு கசிந்தால் சாதாரண சுவிட்சின் பொறியே ஆபத்து. அங்கே பொறியற்ற ஒளி உயிர் காக்கும். வெள்ளத்தில் போகும் படகில் உயிர்காப்பு உடையில் கட்ட, புயல் பாதுகாப்பு மையத்தில் படிக்கட்டையும் கழிப்பறை வழியையும் அடையாளம் காட்ட அதைவிட எளிய பொருள் கிடையாது. இங்கே அதன் வேலை வெளிச்சம் தருவதல்ல, இடம் காட்டுவது.

ஆகவே தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரையிலான கரையோரக் குடும்பங்களுக்கும், பாதுகாப்பு மையங்களைப் பராமரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒளிக்குச்சிகளைக் காலாவதித் தேதி பார்த்து, உறை பிரிக்காமல், வெயில் படாத இடத்தில் வையுங்கள். வழிகாட்ட மட்டும் பயன்படுத்துங்கள். வெளிச்சத்துக்கு, பகலில் வெயிலில் வைத்து இரவில் திண்ணையில் எரிக்கிற சூரிய ஒளி விளக்கு ஒன்றையும், கடையில் கிடைக்கும் பேட்டரியில் எரியும் டார்ச் ஒன்றையும் அன்றாடப் புழக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் அவற்றை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.