பண்டை மதுரையின் ஊர்காவலும் அறங்கூறவையமும்

நகரில் வாழும் மக்களின் உயிரையும் உடைமையையும் காத்தல் அரசின் முதற்கடன். பண்டைப் பாண்டியர் தலைநகரில் இக்கடன் எங்ஙனம் ஆற்றப்பெற்றது என்பதை மதுரைக்காஞ்சி, சிலப்பதிகாரம் ஆகிய இரு நூல்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். மக்கள் பாதுகாப்பிற்குக் காவல் மட்டும் போதுமா என்பதே யாம் எழுப்பும் வினா.

தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளைக் கொண்டது. அதன்கண் மதுரையின் இரவு யாமம் யாமமாக விரித்துரைக்கப்பெறுகின்றது. நள்ளிரவில் திரியும் கள்வர் நீலக்கச்சு அணிந்தவர். நூலேணியை இடையிற் சுற்றியவர். நிலத்தை அகழும் உளியும் கூரிய வாளும் உடையவர். காலில் செருப்புத் தொட்டவர். இத்துணைக் கருவிகளொடு வரும் கள்வரை எதிர்கொள்ளும் ஊர்காப்பாளரும் எளியர் அல்லர். உறங்காது விழித்திருந்து, கள்வர் ஒடுங்கிய இடத்தை ஒற்றியறிந்து, அம்புடன் திரிகின்றனர். தெருவில் நீர் பெருகியோடும் மழையிரவிலும் அவர்தம் சுற்று நிற்பதில்லை. களிற்றை நோக்கும் புலி அவர்க்கு உவமையாகின்றது. நூல்நெறி வழுவாத தேர்ச்சியுடையார் எனப் புலவர் கூறுதலின், இக்காவல் பயிற்சியால் அமைந்த தொழிலென்பது பெறப்படும்.

அந்நூலே மதுரையின் அறங்கூறவையத்தையும் போற்றுகின்றது. அச்சம், ஆசை, சினம், உவகை ஆகியவற்றிற்கு இடங்கொடாது, துலாக்கோல் போல நடுநின்றது அவ்வவை. எனவே, மதுரையின் பாதுகாப்பு இரு தூண்கள்மேல் நின்றது என்னலாம். பிடிப்பது ஊர்காப்பாளர் கடன். ஆராய்ந்து முறை கூறுவது அவையத்தின் கடன்.

இனிச் சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையை நோக்குவாம். ஊர்காப்பாளர் என்னும் அதே பெயர் ஆண்டும் வருகின்றது. காவலருள் ஓர் இளைஞன், தான் முன்னர் எதிர்ப்பட்ட கள்வனைப் பற்றிக் கூறுங்கால், நிலம் அகழும் உளியும் நீல உடையும் மழைக்கால நள்ளிருளும் மீண்டும் தோன்றுகின்றன. ஆயின் புலி என்னும் உவமை இங்குக் காவலனை விட்டுக் கள்வனைச் சேர்ந்துவிட்டது! தன் கைவாளையே கள்வன் பறித்துச் சென்றான் என்பது அவ்விளைஞன் கூற்று. அஞ்சாமைக்குப் பெயர்பெற்ற காவலிடத்து அச்சம் குடிபுகுந்தமையை இம்மாற்றம் காட்டுகின்றதென்பது எம் கருத்து.

இக்காதையில் அறங்கூறவையம் யாண்டும் இடம்பெறவில்லை. கோப்பெருந்தேவியின் கோயில் நோக்கிச் சென்ற அரசன், பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, ஆராயாது ஊர்காப்பாளரை ஏவுகின்றான். கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரியன் அல்லன் எனத் தயங்கினர் என்பது குறிக்கத்தக்கது. அவர்தம் அறிவு மழுங்கிற்றில்லை. பொற்கொல்லனோ, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குரிய எட்டுத் துணைகளையும் அடுக்கி அத்தயக்கத்தைப் போக்குகின்றான். செயலாற்றாவிடின் அரசன் ஒறுப்பான் என்னும் அச்சமும் உடன் சேர்கின்றது. முடிவில், கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசுகின்றான்.

இரண்டும் இலக்கியங்களே, ஒரு காலத்தனவும் அல்ல. அவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமோ எனின், நிகழ்ச்சிகளை வரலாறென யாம் கொள்ளவில்லை. காவலமைப்பைப் பற்றித் தமிழர் கொண்டிருந்த கருத்தையே கொள்கின்றோம். 1889இல் பத்துப்பாட்டையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தமையால், இவ்விரு பகுதிகளையும் அருகருகே வைத்துக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

அங்ஙனம் காணின் பெறப்படும் உண்மை ஒன்று. ஊர்காவல் அழிந்தமையால் மதுரைக்குக் கேடு வரவில்லை. காவல் இருந்தது, கருவி இருந்தது, ஐயுற்றுத் தயங்கும் அறிவுங்கூட இருந்தது. பிடித்தலுக்கும் ஒறுத்தலுக்கும் இடையே நிற்கவேண்டிய ஆராய்ச்சி ஒன்றே இல்லாதொழிந்தது. அஃதின்றேல் காவலனின் வாளும் கள்வனின் வாளும் குடிமகனுக்கு ஒன்றே என்க.