டெல்ட்டா அபினி ஏற்பியும் மூளைப் பாதுகாப்பும்

டெல்ட்டா அபினி ஏற்பி என்பது நரம்பணுக்களின் மென்சவ்வில் அமைந்துள்ள ஒரு புரதம் ஆகும். அபினியில் உள்ள மார்ஃபினும், உடலே சுரக்கும் என்கெபலின் போன்ற பெப்டைடுகளும் இணையும் ஏற்பிகளுள் மியூ, டெல்ட்டா, கப்பா ஆகிய மூன்றும் முதன்மையானவை. மார்ஃபினின் வலிநீக்கமும் போதையும் பெரும்பாலும் மியூ வழியாகவே நிகழ்கின்றன. உயிர்வளி குறையும்போது மூளை அணுக்களைக் காப்பதில் டெல்ட்டாவுக்குப் பங்குண்டு என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

கண்டறிதல்

மூளையில் அபினி பிணையும் இடங்கள் உண்டென 1973 இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே நிறுவின. 1975 இல் இசுக்காட்லாந்தின் அபர்டீனில் இயூசும் காசுட்டர்லிட்சும் என்கெபலினை இனங்கண்டனர். டெல்ட்டா ஏற்பி முதலில் வேறுபடுத்தி அறியப்பட்டது சுண்டெலியின் விந்துநாளத்தில். பெயரும் அதையொட்டியே வந்தது. மூளைக்கும் அப்பெயருக்கும் தொடர்பில்லை.

செயல்முறை

மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும், ஓய்வு நிலையில் உடல் செலவிடும் உயிர்வளியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. உயிர்வளி நின்றால் சில நிமிடங்களில் அணுவின் ஆற்றல் இருப்புத் தீர்ந்து, சோடியம்–பொட்டாசியம் ஏற்றி செயலிழக்கும். சோடியம் உட்புகும், பொட்டாசியம் வெளியே கசியும், குளூட்டமேட் அளவுமீறி வெளிப்பட, கால்சியம் பெருகி அணு இறக்கும்.

டெல்ட்டா ஏற்பி தூண்டப்பட்டால் ஜி-புரதங்கள் வழியாகச் சோடியத்தின் வரவும் பொட்டாசியத்தின் கசிவும் மட்டுப்படுகின்றன. மின்தடையின்போது மின்விசிறிகளை நிறுத்தி மின்கலத்தை நெடுநேரம் ஓட்டுவதை இதனோடு ஒப்பிடலாம், ஒப்புமை முழுமையானதன்று. யேல் பல்கலைக்கழகத்தில் யிங் சியா, காபிரியேல் அதாத் முதலியோர் 2000 இல் வெளியிட்ட ஆய்வில், எலியின் மூளைப்புறணி நரம்பணுக்களைக் குளூட்டமேட்டின் நச்சுத்தன்மையிலிருந்து டெல்ட்டாத் தூண்டி காத்தது. மியூ, கப்பாத் தூண்டிகள் காக்கவில்லை.

ஆமையின் மூளை

குளிர்ந்த நீரில் உயிர்வளியின்றிப் பல வாரங்கள் வாழவல்ல நன்னீர் ஆமைகள் வட அமெரிக்காவில் உள்ளன. எலியை விட ஆமையின் மூளையில் டெல்ட்டா ஏற்பிகள் மிகுந்தும் மியூ குறைந்தும் இருப்பதாக 2001 இல் சியாவும் அதாதும் அறிவித்தனர். நாஞ்சில் நாட்டுக் குளங்களில் காணும் ஆமைகள் வேறு இனத்தவை. இம்முடிவை அவற்றுக்கு அப்படியே பொருத்தலாகாது.

மருத்துவத் தேவை

பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தையின் உடலை 33.5 பாகை செல்சியசு அளவில் 72 மணி நேரம் குளிர்விப்பது செல்வநாடுகளில் வழக்கமான மருத்துவம். இதனை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளிடம் சோதித்த ஈலிக்சு ஆய்வில் சென்னையும் பங்கேற்றது. 2021 இல் முடிவு வெளியானது: குளிர்விக்கப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினரும், மற்றவர்களில் 31 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். ஆகவே நம் பகுதிக்கு வேறு வழிகளைத் தேடுவது ஏட்டளவிலான ஆர்வம் மட்டுமன்று.

எனினும், இந்நோக்கத்துக்கென ஒப்புதல் பெற்ற டெல்ட்டா மருந்து எதுவும் இல்லை. எஸ்என்சி-80 என்னும் தூண்டி விலங்குகளில் வலிப்பை உண்டாக்கியது. மார்ஃபினும் எரோயினும் இவ்வகைக் காப்பைத் தருமெனக் கொள்வது பெரும் தவறு: அளவு மீறினால் அவை மியூ ஏற்பி வழியாக மூச்சையே ஒடுக்கி, மூளைக்கு உயிர்வளியை நிறுத்திவிடும்.